நின்றால் மட்டும் வரும் கருகல் வாடை: கிளட்ச்தானா?

மூன்றாம்கியர்

வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற விஷயம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், ஒன்பது வயது, 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கிளம்பி இருபது, இருபத்தைந்து நிமிடம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் எங்காவது சிக்னலில் நின்றால் உள்ளே கருகல் வாடை. நகர்ந்தால் போய்விடுகிறது. புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை, வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது.

ஒரு பணிமனையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போச்சு, செட்டோடு மாற்றிவிடலாம்" என்றார்கள். பானெட்டைத் திறக்கவே இல்லை. பெடலில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வாடை எனக்கு எண்ணெய் கருகுவது போல இருக்கிறது. மனைவி மீன் வாடை என்கிறாள். கிளட்சைக் கழற்றச் சொல்வதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

அரைகிளட்ச்

அடியில் குனிந்து பார்த்தீர்களா? எனக்கு இதே கதை. ஒரு வாரம் தேடி அலுத்துப்போய்க் கடைசியில் படுத்துப் பார்த்தால், ரோட்டில் கிடந்த பிளாஸ்டிக் பை ஒன்று சைலன்சர் குழாயில் உருகி அப்பிக்கொண்டிருந்தது. நன்றாக ஆறவிட்டு மரச் சில்லால் சுரண்டினேன். மிச்சம் இருந்தது இரண்டு நாள் எரிந்து தானே போய்விட்டது.

பழையஸ்பேனர்

கிளட்ச் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கிளட்ச் கருகினால் காகிதமும் ரப்பரும் சேர்ந்து எரிவது போல மூக்கில் ஏறும். அதுவும் நீங்கள் கிளட்சைப் படுத்தும்போதுதான் வரும்: ஏற்றத்தில் அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது, நெரிசலில் ஊர்ந்து போகும்போது, ரிவர்ஸில் மேடேறும்போது. சும்மா நியூட்ரலில் நிற்கும்போது கிளட்ச் கருக வேலையே இல்லை.

சந்தேகம் தீர ஒரு சோதனை. காலியான நேர்ச்சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சுற்று மட்டும் சட்டென்று ஏறி, வண்டி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்து மெதுவாக ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. இரண்டு தடவை போதும், விளையாட்டாகச் செய்துகொண்டே இருக்காதீர்கள்.

அப்புறம் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். வாடை வரும்போது வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் இருக்கிறதா, உள்காற்றே சுழலும் நிலையில் இருக்கிறதா? மாற்றிப் போட்டால் குறைகிறதா? வண்டியை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் அதிகம்? நான்கு சக்கரங்களில் ஏதாவது ஒன்று மட்டும் கொதிக்கிறதா?

மீன் வாடையை விடுங்கள். ஒரே வாடையை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள்.

மலையிறக்கம்

சக்கரத்தைப் பார்க்கும்போது ரிம்மைத் தொட்டுவிடாதீர்கள், கை வெந்துவிடும். புறங்கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். முன் சக்கரங்கள் பின்னவற்றைவிடச் சூடாக இருப்பது இயல்பு. இடதையும் வலதையும்தான் ஒப்பிட வேண்டும். எனக்கு முன் இடது சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (அது நகரும் கம்பி) கிரீஸ் காய்ந்து இறுகிப் போய், பிரேக் பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டே இருந்தது. மைலேஜும் குறைந்தது, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் வைத்ததும் சரியாகிவிட்டது.

பின்சீட்

குறுக்கே ஒரு கேள்வி. புதிதாக ஓட்டக் கற்றவள். எந்த வாடை வந்தால் ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டும்? எதற்கு வீடு வரை போகலாம்?

மின்கம்பி

நல்ல கேள்வி. பெட்ரோல் வாடை, வயர் கருகும் வாடை, எங்கிருந்து வந்தாலும் புகை: இந்த மூன்றுக்கும் வீடு வரை என்ற பேச்சே இல்லை. ஓரம் கட்டி, இக்னிஷனை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானெட் இடுக்கில் புகை வந்தால் அதைத் தூக்கித் திறக்காதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருப்பதற்கு நீங்களே காற்று கொடுத்தது போல ஆகிவிடும்.

இனிப்பான வாடையோடு கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போலப் பனி படர்ந்தால், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரில் கூலண்ட் கசிகிறது. வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பணிமனைக்குப் போகலாம். முள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கம் கோளாறு. அவசரம் குறைவு, ஆனால் காட்டியே ஆக வேண்டும்.

மூன்றாம்கியர்

எல்லாம் பார்த்தேன். கிளட்ச் சோதனை இரண்டு தடவை: சுற்றும் வேகமும் சேர்ந்தே ஏறின. சக்கரங்களில் இட வல வித்தியாசம் இல்லை. அடியில் பிளாஸ்டிக் பை இல்லை (அரைகிளட்ச் மன்னிக்க). உள்காற்றுக்கு மாற்றினால் வாடை நன்றாகக் குறைகிறது. இறங்கி மோந்து பார்த்தால் வைப்பர் இருக்கும் இடத்துக்குக் கீழேதான் அதிகம். ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. போன தடவை பார்த்தபோது நிறைய இருந்தது.

பழையஸ்பேனர்

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

நின்றால் மட்டும் ஏன் வருகிறது என்று யோசியுங்கள். ஓடும்போது முன்னிருந்து வரும் காற்று இன்ஜின் அறைக்குள் புகுந்து எல்லா வாடையையும் அடி வழியாக வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அந்தக் காற்று இல்லை. சூடான காற்று மேலே எழும்பி, பானெட்டின் பின் விளிம்பு வழியாக வெளியே வரும். வைப்பர் மூட்டுக்குக் கீழே இருக்கிற சல்லடைதான் ஏசிக்கு வெளிக்காற்று உறிஞ்சும் வாய். நேராக உங்கள் மூக்குக்கு. உள்காற்றுக்கு மாற்றினால் அந்த வாய் மூடிக்கொள்கிறது, வாடை குறைகிறது. ஆக, ஊற்று இன்ஜின் அறையில். ஆயிலும் குறைகிறது.

இந்த வயதில் முதல் சந்தேகம் டேப்பட் கவர் பேக்கிங். இன்ஜின் ஹெட்டுக்கு மேலே மூடியிருக்கிற கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பேக்கிங். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிவிடும். ஒரு மூலையில் கசிவு தொடங்கும். அதன் கீழேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினின் சூடான புகை வெளியேறும் முதல் குழாய், இருந்தால் சொட்டு நேராக அதன் மேல்தான் விழும். தரையில் ஒரு துளி இருக்காது, ஏனென்றால் கீழே வரும் முன்பே எரிந்துவிடுகிறது. இருபது நிமிடம் கழித்து வருவதும் அதனால்தான்: ஆயில் சூடாகி இளகி வெளியே வழிய அவ்வளவு நேரம் ஆகிறது.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினாலே இன்ஜின் ஆயிலின் ஆவி தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஏற்றத்தில் மிதித்து ஓட்டினால் மேனிஃபோல்டு அதைவிட எவ்வளவோ மேலே போகும்.

எப்படிப் பார்ப்பது: ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின். ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி. கவரின் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள், முக்கியமாகப் பின்பக்கம். வறண்ட தூசி சாம்பல் நிறத்தில் இருக்கும், ஆயில் பட்ட தூசி கறுப்பாகப் பசை போல் ஒட்டியிருக்கும். எங்கே தொடங்குகிறது என்று தெரியாவிட்டால், டிகிரீசர் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஆறியதும் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு இழுத்துக் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கசிகிறது என்றதும் போல்ட்டை இறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஹெட் அலுமினியம். அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் முறுக்கு. ஸ்பேனரில் ஆசை தீர ஒரு இழு இழுத்தால் மரை போய்விடும், அப்புறம் ஆயில் கசிவெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும்.

டீசல்பிரியன்

டீசல் வண்டிக்காரர்கள் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக: உங்கள் வண்டியில் புகைக்கரி வடிகட்டி, அதாவது டிபிஎஃப், இருந்தால், சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அது தானாகத் தன் கரியை 600 டிகிரி அளவில் எரித்துக்கொள்ளும். அப்போது ஐடிலிங், அதாவது நிற்கும்போது இன்ஜின் சுற்று, கொஞ்சம் ஏறும், அணைத்த பிறகும் ஃபேன் ஓடும், சூடான இரும்பு வாடை வரும். அது கோளாறு இல்லை. தினமும் வந்தால்தான் கவலை.

மூன்றாம்கியர்

ஐயா, நீங்கள் சொன்ன அதே மூலை! பவுடரே தேவைப்படவில்லை. என் வண்டியில் எக்ஸாஸ்ட் பின்பக்கம், டிரைவருக்கு எதிரே. கைப்பேசி விளக்கைப் பிடித்துக் கண்ணாடியைச் சாய்த்தால், கவரின் பின் மூலையிலிருந்து ஈரமான கறுப்புக் கோடு இறங்கி மேனிஃபோல்டின் தகரக் கவசத்தில் முடிகிறது. கவசத்தில் காசு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. அதன் நடுவில் பளபளவென்று புதிய சொட்டு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

வேறொரு மெக்கானிக்கை வைத்து மாற்றினேன், கூடவே நின்றேன். பழைய பேக்கிங் ரப்பர் மாதிரியே இல்லை. வளைத்தேன், குச்சி போல டக்கென்று ஒடிந்தது. பக்கத்தில் டைமிங் கவர் சேரும் இரண்டு இடங்களில் மட்டும் துளி சிலிகான் வைத்தார். அது இறுக நேரம் வேண்டும் என்று அன்று ஓட்ட வேண்டாம் என்றார். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார், சத்தமே வரவில்லை, அடைத்திருந்தது. அதையும் மாற்றினார்.

ஆனால் மறுநாள் ஓட்டினால் வாடை இன்னும் வருகிறது. அதே வாடை. என்ன தவறு?

பழையஸ்பேனர்

தவறே இல்லை. கவசத்துக்கு அடியிலும் குழாய் மடிப்பிலும் தேங்கின ஆயில் எரிந்து தீர வேண்டாமா? நாலைந்து நீண்ட ஓட்டம் போகட்டும். நாளுக்கு நாள் குறைந்தால் சரி. டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள்.

பிசிவி வால்வைப் பார்த்த மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அதைப் பார்க்காமல் பேக்கிங் மட்டும் மாற்றி, ஆறே மாதத்தில் திரும்பி வந்த வண்டிகள் எத்தனையோ.

மூன்றாம்கியர்

பத்து நாள் ஆகிவிட்டது. எண்ணெய்க் கருகல் சுத்தமாகப் போய்விட்டது. நிம்மதியாக இருந்தேன். நேற்று மனைவி ஓட்டினாள், நான் பக்கத்தில். கால் மணி நேரத்தில், "இதோ வருகிறது பாருங்கள், இதைத்தான் மீன் வாடை என்றேன்" என்றாள். இந்தத் தடவை எனக்கும் வந்தது. மீனும் உருகின பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தது. உள்காற்று, வெளிக்காற்று எதில் போட்டாலும் குறையவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். நான் தனியாக ஓட்டும்போது ஏசி புளோயரை ஒன்றில்தான் வைப்பேன். அவள் எப்போதும் நாலில், முழு வேகத்தில். காற்றே போதவில்லை என்பாள்.

மின்கம்பி

இனி புளோயரைப் போடாதீர்கள். இது என் இலாகா.

சூடேறிய மின் பாகங்களின் பிளாஸ்டிக் பல நேரம் மீன் வாடைதான் அடிக்கும். உங்கள் மனைவி முதல் நாளே சரியாகச் சொல்லியிருக்கிறார். நாம்தான் ஒரு வாடை என்று வைத்துக்கொண்டு தேடினோம்.

டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் புளோயர் மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரும் இருக்கும். ரெசிஸ்டருக்கு வரும் கப்ளரை (வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு), பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உருவிப் பாருங்கள். உலோகக் கால்களில் ஏதாவது ஒன்று கருகிப் பழுப்பாகியிருக்கும். கூடவே கேபின் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள்.

நேர்வயர்

எனக்கும் புளோயர் ஃபியூஸ் அடிக்கடி போகும். 30 ஆம்பியருக்குப் பதில் 40 போட்டேன், அதோடு சரி.

மின்கம்பி

நேர்வயர், தயவுசெய்து இன்றைக்கே அதைப் பிடுங்கிவிட்டு 30 போடுங்கள். ஃபியூஸ் இருப்பது மோட்டாரைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. 30 ஆம்பியருக்கு என்று கொடுத்த வயரில் 40 போகவிட்டால், ஃபியூஸ் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், வயர் உருகும். அடிக்கடி போகிறது என்றால் உங்கள் மோட்டார் பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது எங்கோ வயர் தோல் உரிந்து பாடியில் ஷார்ட் ஆகலாம். அதைத் தேடுங்கள்.

பின்சீட்

அப்படியானால் மூன்றாம்கியர் வண்டியில் பிளாஸ்டிக் உருகும் அளவுக்குச் சூடாகியும் ஃபியூஸ் ஏன் போகவில்லை?

மின்கம்பி

இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபியூஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு கரண்ட் போகிறது. எங்கே சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது.

கப்ளரில் லூஸ் காண்டாக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கும் கிளிப்புக்கும் நடுவே துரு, அழுக்கு. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது. கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. புளோயர் முழு வேகத்தில் 15 ஆம்பியர் இழுக்கிறது. கரண்டை அதனாலேயே பெருக்கி, தடையால் பெருக்க வேண்டும்: 15 × 15 × 0.1, ஆக 22.5 வாட். ஏறக்குறைய ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன். அதை விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் செருகி வைத்தது போல. ஆனால் தடை கூடினால் கரண்ட் குறையத்தானே செய்யும்? 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு எல்லாம் சுகமே.

இப்போது புளோயரை ஒன்றில் வையுங்கள். 4 ஆம்பியர்தான் போகிறது. 4 × 4 × 0.1 என்றால் 1.6 வாட். கை வைத்தால் கூடத் தெரியாது. அதனால்தான் கணவர் மூக்குக்கு எட்டாதது மனைவி மூக்குக்கு எட்டியது.

மூன்றாம்கியர்

கழற்றிவிட்டேன். ஆறு கால் கப்ளர். ஐந்து வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. தடித்த கறுப்பு வயர் வரும் ஆறாவது காலைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி, குமிழ் விட்டு, கிளிப்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. ரெசிஸ்டரில் அந்தக் கால் மட்டும் நீலம் பாரித்திருக்கிறது.

கேபின் ஃபில்டர்: கடைசியாக எப்போது மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. காய்ந்த இலை, முடி, ஏதோ விதைகள், கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. அவளுக்குக் காற்று போதாமல் நாலில் வைத்ததற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது.

மின்கம்பி

இதுதான். கப்ளர், ரெசிஸ்டர் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நீலம் பாரித்த காலில் புதுக் கப்ளரை மாட்டினால் அதுவும் சில மாதத்தில் கருகும். வயரைக் கருகாத இடம் வரை வெட்டி, அதே தடிமன் வயரில் கிரிம்ப் போட்டுச் சேருங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். பழைய மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் போதும்.

மாட்டியதும் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, புளோயர் நாலில் ஓடும்போது அந்தக் காலுக்கு முன்னும் பின்னும் ஊசி வைத்து வித்தியாசம் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாம்கியர்

முடிந்தது. புதியதை மாட்டுவதற்கு முன் பழைய கப்ளரை மறுபடி செருகி அதிலும் ஒரு நிமிடம் மட்டும் அளந்தேன் (திட்டாதீர்கள்): 1.3 வோல்ட். புதியதில் 0.04. புது ஃபில்டர் போட்டதும் புளோயர் இரண்டிலேயே குளிர்கிறது.

பழையஸ்பேனர்

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மீன் வாடையை விடுங்கள் என்று எழுதியவன் நான்தான். உங்கள் வீட்டம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன் என்று சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பழைய கப்ளரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள், என்னிடம் வேலை கற்கும் பசங்களுக்குக் காட்ட வேண்டும்.

மூன்றாம்கியர்

சொல்லிவிட்டேன் ஐயா. இழை முழுவதையும் முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னாள், உங்கள் அந்த வரி வந்த இடத்தில் இரண்டு தடவை.

கப்ளர் மேசை டிராயரில் ஒரு டப்பாவில் இருக்கிறது. படம் எடுக்க இப்போதுதான் மூடியைத் திறந்தேன். இன்னும் அதே மீன் வாடை.